மரத்தூள் குவியல் சூடாயிடுச்சு! (புதுப்பிப்பு)

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பர்மாவுல மோல்மேன்ல நம்ம வீட்டுப் பின்னாடி மில்லுலேருந்து அள்ளிட்டு வந்த தேக்குத் தூள் ரெண்டு மாசமா மக்காம அப்படியே கெடக்குன்னு, அதோட அப்டேட் இது.

நைட்ரஜன் பத்தலன்னு நீங்க சொன்னதுதான் சரி. மரத்தூள்ல நைட்ரஜன் 1 பங்குன்னா கார்பன் 300, 400 பங்குகூட இருக்கும், நல்லா மக்க அந்தக் கார்பன் 30 பங்கு கிட்ட வரணும், நான் வெறும் வாழைச்சருகும் கொஞ்சம் காய்கறித் தோலும் போட்டா எப்படி ஆகும்? அதனால மொத்தத்தையும் பிரிச்சு, ஒரு கூடை தூளுக்கு மூணு கூடை பச்சைச் சாணி, கொஞ்சம் கோழி எரு, கடலைப் புண்ணாக்கு ஊறவச்ச தண்ணின்னு கலந்து இடுப்பு உயரத்துக்குக் குவிச்சேன், இங்க அடிக்கிற மழைக்கு மேல தார்ப்பாயும் கட்டிட்டேன். நாலாம் நாள் உள்ள கைய விட்டா வச்சிருக்கவே முடியல, சூடானா மக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், அவ்ளோ சந்தோஷம் எனக்கு! தெர்மாமீட்டர்ல 58 டிகிரி.

நடுவுல நைட்ரஜன் கூடிப்போய் மூக்கத் துளைக்கிற நாத்தம் வந்துச்சு, இன்னும் ரெண்டு கூடை தூள் போட்டுப் புரட்டினதும் அடங்கிடுச்சு.

அக்கா ஒருத்தங்க பிளைவுட் தூள் போடலாமான்னு கேட்டீங்க, வேணாங்க, பசை இருக்கு. அரைகுறையா மக்கினதையும் செடிக்குப் போடாதீங்க, மண்ணுல இருக்கற நைட்ரஜனையும் அது இழுத்துக்கும், என் கத்திரி மஞ்சளானது அதனாலதான்.