பழைய பெற்றோல் கெப்: ஏற்றத்தில் எஞ்சின் தட்டுகிறதா? 92ஆ 95ஆ? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை ஹைலக்ஸ்:

அப்பா வாங்கிய ஹைலக்ஸ் சிங்கிள் கெப் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. 22ஆர் எஞ்சின், 2366 சிசி, காபரேற்றர். கண்டிக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால், தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். காலைக் கொஞ்சம் எடுத்தால் நின்றுவிடும்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “92ஐ விட்டு 95 ஒக்டேன் பெற்றோல் அடியுங்கள்.” அடித்தேன். சத்தம் குறைந்தது, ஆனால் போகவில்லை. 2022 ஜூன் கடைசியில் 92 லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 லீற்றர் 550 ரூபாவுக்கும் போனபோது, லீற்றருக்கு 80 ரூபா கூடக் கொடுத்து அரைகுறைத் தீர்வை வாங்குவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. கிராண்ட்பாஸில் காபரேற்றர் வாகனங்களோடே வாழ்ந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன்.

அவர் பெற்றோலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வெக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்தார். ஐட்லிங்கிலேயே குறி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. பிளக்குகளுக்கு மின்னைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரைத் திறந்தால், வேகத்துக்கேற்ப விரிந்து சுருங்க வேண்டிய எடைகள் காய்ந்த கிறீஸில் ஒட்டி, விரிந்தபடியே இறுகியிருந்தன. அதாவது எந்நேரமும் தீப்பொறி முந்தியே விழுந்துகொண்டிருந்தது. ரேடியேற்றரும் கீழ்ப்பாதி அடைப்பு. இரண்டையும் சரிசெய்த பிறகு அதே ஏற்றம், அதே சுமை, 92 பெற்றோல். சத்தமே இல்லை.

பிளக் பற்றவைத்த தீ ஒரு முனையிலிருந்து பரவிக்கொண்டு போகும்போது, அது போய்ச் சேர முன்னரே மறுமுனையில் நெருக்கப்பட்டுச் சூடேறிய கலவை தானாக ஒரேயடியாய்ப் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சிதான் நமக்குக் கேட்கும் தட்டல். அப்படித் தானாகப் பற்றாமல் பெற்றோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஒக்டேன் எண் சொல்கிறது. எஞ்சின் பலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. புதிய கார்களில் நொக் சென்சர் தட்டலை உணர்ந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். நம் பழைய கெப்புகளில் அந்த வேலையைக் காதுதான் செய்ய வேண்டும். அதனால் சத்தம் கேட்டால் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். தொடர்ந்து தட்டவிட்டால் பிஸ்டனே உடையும்.

கொட்டாஞ்சேனை சன்னி:

அண்ணா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். என்னுடையது நிசான் சன்னி கெப், 1171 சிசி ஏ12 எஞ்சின், தீப்பொறிக்கான மின்னை விட்டு நிறுத்தும் பொயின்ட் செட் உள்ளது. பொயின்ட் இடைவெளி கூடினால் டைமிங்கும் தானாக முந்திவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இடைவெளியைச் சரியாக்கிவிட்டுத்தான் டைமிங் பார்க்க வேண்டும், மாறிச் செய்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், “நாங்கள் 87 அடித்தே பழைய ட்ரக் ஓட்டுகிறோம், உங்கள் 92 எதற்குப் போதாது?” என்று கேட்டார். அங்கே பம்பில் போடுவது இரண்டு வகைச் சோதனைகளின் சராசரி, இங்கே போடுவது அவற்றில் ஒன்றின் எண் மட்டும். அவர்களுடைய 87 ஏறத்தாழ நம்முடைய 91, 92தான். எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் நம் பெற்றோல் அவர்களுடையதை விட உசத்தி என்று தோன்றும், அப்படி இல்லை.

ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றதால்தான் பழைய எஞ்சின்கள் தட்டுகின்றன, அதற்கு 95தான் மருந்து என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஈயத்தைச் சேர்த்ததே ஒக்டேனை உயர்த்தத்தான். இன்றைய 92 ஈயம் இல்லாமலே அந்த எண்ணை எட்டுகிறது. ஈயம் வால்வு இருக்கைகளையும் தேயாமல் காத்தது உண்மை. ஆனால் 95 அந்த வேலையைச் செய்யாது.

வத்தளை கெப்:

எனக்கு 95 தேவைப்படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பேலியகொட சந்தைக்கு மரக்கறி ஏற்றும் வேலை. ஒருநாள் தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்து, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கெட் போய்விட்டது. கராஜில் ஹெட் வளைந்திருக்கிறது என்று சீவினார்கள். எவ்வளவு சீவினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தால் இழுவை நல்லது, ஆனால் 92 போட்டால் பேலியகொடப் பாலம் ஏறும்போதே தட்டுகிறது. ஹெட்டைச் சீவினால் எரியும் அறை சிறுத்துவிடும், கலவை நெருக்கப்படும் அளவு, அதாவது கொம்பிரெஷன் கூடிவிடும். 9க்கு 1 அளவில் செய்த எஞ்சினுக்கு 92 போதும், அதற்கு மேலே போனால் நிலைமை வேறு. டைமிங் பார்த்தாயிற்று, கரி சுரண்டியாயிற்று, ரேடியேற்றர் புதிது. 95இல் மட்டும்தான் அமைதியாக ஓடுகிறது. இப்போது பஞ்சிகாவத்தையில் தடித்த கஸ்கெட் தேடுகிறேன். ஹெட்டைக் கழற்றக் கொடுப்பவர்கள் சீவுவதற்கு முன்னும் பின்னும் உயரத்தை அளந்து எழுதி வாங்குங்கள். இது உங்கள் உரிமை.

தெஹிவளை:

2022 தட்டுப்பாட்டுக் காலத்தில், எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் அட்டை வருவதற்கு முன்பு, ஒருவரிடம் கானில் பெற்றோல் வாங்கினோம். போட்ட உடனே எஞ்சின் தட்டத் தொடங்கியது, புகையும் வந்தது. மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள். அப்போது மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா, அதனால் கலப்பவர்களுக்கு நல்ல இலாபம். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, கொஞ்சம் கலந்தாலே தட்டும். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டால், நல்ல பெற்றோல் காய்ந்து தடமில்லாமல் போகும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். டாங்கியை முழுதாக வடித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டினோம்.

மட்டக்குளி:

என்னுடையது டீசல் டபுள் கெப். காலையில் குளிரில் தட்டுகிறது, நானும் 95 பற்றி யோசிக்க வேண்டுமா?

வெள்ளவத்தை ஹைலக்ஸ்:

வேண்டாம் தம்பி, டீசலில் பெற்றோலைக் கலக்கவே கூடாது, பம்பும் இன்ஜெக்டரும் கெடும். டீசல் தானாகப் பற்றித்தான் எரிகிறது, அதற்குச் சீட்டேன் என்ற வேறு அளவு. குளிரில் மட்டும் தட்டினால், ஸ்டார்ட் செய்யும்போது எரியும் அறையைச் சூடாக்கும் குளோ பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை சன்னி:

அண்ணா, ஒரு சந்தேகம். நுவரெலியாவில் ஓட்டும்போது என் வண்டி தட்டுவதே இல்லை, கொழும்புக்கு வந்தால் மட்டும் மெல்லக் கேட்கிறது. பிளக் புதிது.

வெள்ளவத்தை ஹைலக்ஸ்:

அங்கே 1868 மீற்றர் உயரம், காற்று மெலிது, சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு, குளிரும் கூட. அதனால் எஞ்சினுக்குக் குறைந்த ஒக்டேனே போதும். கொழும்பில் கடல் மட்டம், வெக்கை, நெரிசலில் ஊர்ந்து சூடேறிய எஞ்சின். ஆகவே டைமிங்கை மலையில் வைத்துச் சரிபார்க்காதீர்கள். சுமையேற்றி, நடுப்பகலில், கொழும்பிலேயே ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். அப்போதும் கேட்டால் முதலில் பொயின்ட் இடைவெளியைப் பாருங்கள்.