டார்மவுஸ்: துயிலெலியா, துஞ்செலியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். இங்கிலாந்தில் ஹேசல் என்ற கொட்டை மரக் காடுகளில் டார்மவுஸ் (குளிர்காலம் முழுக்கத் தூங்கும் சின்னக் கொறிவிலங்கு) தேடப்போகும் தன்னார்வலர்களுக்கான ஒரு பக்கக் குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. வேலை இதுதான்: 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் கட்டி, 20 நிமிடம் கீழே கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கி, ஓட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து சதுரத்திலும் தடயம் இல்லையென்றால் அங்கே பெரும்பாலும் அது இல்லை. அதற்குத் தமிழில் ‘துயிலெலி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

*

துயிலெலி குற்றமில்லை. ஆனால் ‘துஞ்செலி’ இன்னும் செறிவு. சங்கச் சொல், அழகான வினைத்தொகை.

*

> சங்கச் சொல்

ஐயா, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழன் அங்கே குட்டித்தூக்கம் போடவில்லை, இறந்தான். செத்த எலியைத் தேட ஆள் அனுப்புவானேன்?

*

‘எலி’யே தவறு. எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, அணிலுக்குத்தான் கிட்டத்து உறவு. வாலிலும் அடர்ந்த மயிர். ‘துயிலணில்’ என்க.

*

அணில் என்றால் களத்தில் குழப்பம். அணில் கொட்டையை இரண்டாகப் பிளந்துவிடும். டார்மவுஸ் வட்டத் துளை போடும். துளையின் உள்விளிம்பு வழவழவென்றிருக்கும், வெளியே பல்தடம் சாய்வாக ஓடும். உள்விளிம்பில் சீப்புப் பல் போலக் குறுக்குக் கீறல் இருந்தால் காட்டெலி அல்லது வோல் (எலி போன்ற இன்னொரு சிறு கொறிவிலங்கு). வெளித்தடத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம், காட்டெலியும் வெளியே கீறும். உருப்பெருக்கிக் கண்ணாடி கட்டாயம்.

இன்னொன்று, ‘ஓட்டைப் பார்க்க’ என்றால் ஓட்டையா, ஓடா? ‘மேலோடு’, ‘துளை’ என்று பிரித்து எழுதுங்கள்.

*

‘தூங்கெலி’ எப்படி? தூங்குதல் பழந்தமிழில் தொங்குதல், தூங்கணாங்குருவி சாட்சி. இதுவும் கோடையில் புதர்க்கிளைகளில், ஹனிசக்கிள் கொடியின் பட்டையை நாராகக் கிழித்துக் கூடு பின்னுகிறது. இரு பொருளும் பொருந்தும்!

*

பொருந்தாது. குளிர்காலம் முழுக்க அது தூங்குவது தரையில், சருகுக்கடியில். கூடு கண்ணில் பட்டாலும் கலைக்கக்கூடாது, அதற்கு உரிமம் வேண்டும் என்பதைக் குறிப்பில் போட்டீர்களா? பெயரைவிட அது முக்கியம்.

*

போட்டாயிற்று. மேலோடு, துளை திருத்தமும் ஆயிற்று. தூங்கெலிக்கு நான்கு பேர், துயிலெலிக்கு இரண்டு. தூங்கெலி என்றே அனுப்புகிறேன், முதலிடத்தில் மட்டும் பக்கத்தில் டார்மவுஸ்.

*

அணிலை எலியாக்கிய அச்சுக்கு என் ஒப்புதல் இல்லை. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.