அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுகிறது: பித்தமா, காதா, நரம்பா?

குலைவெட்டு_மகன்:
அப்பாவுக்கு 58 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இரண்டு வாரமாக, அண்ணாந்து குலையைப் பார்த்தாலோ படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலோ வீடே சுற்றுகிறதாம். அரை நிமிடத்தில் நின்றுவிடும், குமட்டல் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். காது கேட்பதில் குறையில்லை. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்தக் கொதிப்பு இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். பாட்டி பித்தம் என்கிறார். கிளினிக்கில் கொடுத்த தலைசுற்றல் மாத்திரைக்குத் தூக்கம்தான் வருகிறது. தலையை ஸ்கேன் பண்ண வேண்டுமா?

ஈப்போ_பிசியோ:
தம்பி, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். தலைசுற்றலில் முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எது கிளப்பிவிடுகிறது என்பதைத்தான். தலையை அசைத்ததும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், பெரும்பாலும் உள்காதுத் துகள். சமநிலைப் பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் துகள்கள் உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடும். தலை நின்ற பிறகும் அவை உருண்டுகொண்டிருப்பதால், இன்னும் சுற்றுவதாக மூளை நம்பிவிடும். 20 நிமிடம் முதல் பல மணி நேரம் சுற்றி, கூடவே காது அடைத்து இரைந்தால் மெனியர் நோயை நினைக்க வேண்டும். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பு வீக்கமாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம்.

உறுதிப்படுத்த டிக்ஸ்-ஹால்பைக் சோதனை இருக்கிறது. கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கட்டும். சில விநாடி கழித்துக் கருவிழி மேல்நோக்கித் துடித்துச் சுழன்றால் வலக் காதுதான். கண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

சரிசெய்வது எப்ளி முறை. அதே நிலையில் ஒரு நிமிடம். பிறகு தலையை மட்டும் இடப்பக்கம் 90 பாகை திருப்பி ஒரு நிமிடம். அப்படியே உடம்போடு இடப்பக்கம் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்க இன்னொரு நிமிடம். மோவாயைத் தாழ்த்தியபடி எழுந்து உட்கார வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் வீட்டில் வேண்டாம். முதல் தடவை தெரிந்தவர் கையால் நடக்கட்டும்.

குலைவெட்டு_மகன்:
வீடியோ பார்த்து இதை ஒருமுறை செய்தோம், பலனில்லை. தலைக்குத் தலையணை வைத்திருந்தோம்.

ஈப்போ_பிசியோ:
அங்கேதான் தப்பு. தலையணை தோளுக்கு அடியில் இருக்க வேண்டும், அப்போதுதான் தலை பின்னால் சரியும். தலை உயர்ந்திருந்தால் துகள் நகராது. சுற்றல் வந்ததும் பயந்து எழுந்துவிடுவதும் வழக்கமான தப்பு. இத்தனையும் சரியாகச் செய்து பலனில்லை என்றால் வேறு குழாயாக இருக்கலாம், அதற்கு முறையே வேறு.

மாத்திரைக்கணக்கு:
புரோகுளோர்பெராசின், சின்னாரிசின் போன்றவை குமட்டலை அடக்கும், துகளை நகர்த்தாது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். மாதக்கணக்கில் விழுங்கும் வயதானவர்களுக்குக் கைநடுக்கம்கூட வரும்.

ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் சும்மா விடாதீர்கள். 5 நிமிடம் படுக்கவைத்து அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற 1-ஆவது, 3-ஆவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது வரும் கிறுகிறுப்புக்கு அதுவே காரணம். சிறுநீர் மாத்திரையோடு வெயிலில் வியர்த்தால் இன்னும் இறங்கும். எழுந்ததும் அழுத்தத்தை இறக்கிவிடக்கூடிய பிராசோசின் எடுக்கிறாரா என்றும் பாருங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிறுகிறுக்கும் நேரத்தில் விரல் குத்திச் சர்க்கரையும் பாருங்கள், 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்புத் தண்ணீர்.

வார்டு_இரவு:
ஸ்கேன் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது மட்டும்தான் என்றால் தேவையில்லை. ஆனால் சுற்றல் நிற்காமல் இருந்து, கூடவே நிற்க முடியாமல் சாய்வது, இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, முகம் கோணுவது, புதிதாகக் கடும் தலைவலி, இதில் ஒன்று வந்தாலும் அவசர எண் 999. கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுமூளையில் அடைப்பு என்றால் முதல் நாள் சிடி ஸ்கேன் சுத்தமாகத் தெரியலாம். அதனால் ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சீட்டை வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது.

இன்னொன்று. சுற்றல் அடங்கும்வரை அப்பா கழியில் கட்டிய அரிவாளைத் தொட வேண்டாம். அண்ணாந்த நொடியில் தலை சுற்றினால், விழும் குலைக்கு விலக முடியாது. டாக்டரிடம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்கும்போது ‘தலைசுற்றல்’ என்று நிறுத்தாமல் ‘அண்ணாந்து செய்யும் வேலை’ என்றும் சொல்லுங்கள்.