அக்சியோவுக்கு ஜெனுயின் ஒயில் பில்டரா, வெளி பிராண்டா?

வெள்ளவத்தை_அக்சியோ

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 2008 டொயோட்டா அக்சியோ கார் (141 மொடல், 1.5 பெற்றோல்) இரண்டு வருடமாக என் கையில் இருக்கிறது. கண் பார்வை குறைந்ததால் அப்பா ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆனால் காரைப் பற்றி இன்னும் தினமும் விசாரிப்பார். டாஷ்போர்ட் பெட்டிக்குள் அவருடைய சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட நோட்டு) ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சேர்விஸுக்கும் திகதி, மைலேஜ், எத்தனை லீற்றர் ஒயில், என்ன பில்டர் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். பில்டர் என்ற இடத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்தான்: ஜெனுயின், அதாவது டொயோட்டாவின் சொந்தப் பெயரில் வருவது.

நாலு மாதத்துக்கு முன் வழமையான கராஜ் பூட்டியிருந்ததால் வேறு ஓர் இடத்தில் ஒயில் மாற்றினேன். ஏஜென்டிடம் வாங்கும் விலையில் பாதிகூட இல்லாத ஒரு பில்டரைக் காட்டி, "இதுவும் டொயோட்டா பெட்டிதான் மிஸ், ஒரே சாமான்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு சத்தம் வரத் தொடங்கியது. டப்பாவுக்குள் சரளைக்கல் போட்டு ஆட்டுவது போல இரண்டு மூன்று விநாடி கடகடக்கும், பிறகு நின்றுவிடும். சனி ஞாயிறு ஓடாமல் நின்றால் திங்கட்கிழமை இன்னும் கொஞ்சம் நீளமாக வரும். சூடான எஞ்சினில் வராது. டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் சரியாகத்தான் இருக்கிறது.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஓட்டம் பெரும்பாலும் வெள்ளவத்தை - கொட்டாஞ்சேனை மட்டும்தான், காலி வீதியில் ஊர்ந்து ஊர்ந்து. என் கேள்வி இதுதான்: கட்டாயம் ஜெனுயின்தான் போட வேண்டுமா? விஐசி, சகுரா, பொஷ் என்று கடைகளில் இருப்பவை இந்த எஞ்சினுக்குப் போதுமா? அந்தச் சத்தத்துக்கும் பில்டருக்கும் சம்பந்தம் இருக்குமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேகன்ஆர்_ஹயர்

நான் கொழும்புக்குள் ஹயர் ஓடுபவன். வேகன் ஆர். ஐந்து வருடமாக வெளி பிராண்ட் பில்டர்தான் போடுகிறேன், எஞ்சினில் இதுவரை கை வைக்கவில்லை. ஆனால் ஒன்று, 5,000 கிலோமீற்றர் ஆனதும் ஒயிலும் பில்டரும் சேர்த்து மாற்றிவிடுவேன், ஒரு தடவையும் தள்ளிப் போட்டதில்லை. ஒயில் மாத்திரம் மாற்றிப் பழைய பில்டரை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது மட்டும் வேண்டாம். சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்த யாராவது சொல்லட்டும்.

பஞ்சிகாவத்தை_கவுண்டர்

தங்கச்சி, பஞ்சிகாவத்தையில் 11 வருடம் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நின்றவன் நான். இந்தக் கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சத்தம். உங்கள் 1என்சட் எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட் இல்லை, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஒயில் அழுத்தம் வேண்டும். ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகும் பில்டருக்குள் ஒயில் நிரம்பியே இருக்க வேண்டும். அதற்காகத்தான் பில்டரின் வாய்ப்பக்கம் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் தட்டு வைக்கிறார்கள். ஒயில் உள்ளே போக விடும், திரும்பி வடிய விடாது. வாய் மேலே பார்க்க நேராகத் தொங்கும் பில்டர் என்றால் அந்த ரப்பர் பழுதானாலும் பெரிதாகத் தெரியாது. படுத்த வாக்கிலோ சரிவாகவோ பூட்டும் எஞ்சின்களில் ரப்பர் பழுதானால் ஒயில் முழுக்க எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்புக்கு இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலில் வெறும் டப்பாவை நிரப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் மேலே அழுத்தம் போகும். அதுவரை தளர்ந்த செயின் ஆடும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் உங்களுக்குக் கேட்கும் சரளைக்கல் சத்தம் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் நின்றால் கூடுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் என்னை இப்படி நினைக்க வைக்கிறது. செயின் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரிச் சத்தம் வரலாம். அதனால் பில்டரை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு முன் செயினுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் பில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். கையில் கனமாக, உள்ளே ஒயிலோடு வந்தால் ரப்பர் வேலை செய்கிறது. வெறும் டப்பா போல லேசாக வந்தால் விஷயம் அதுதான்.

இனி ஜெனுயினா வெளி பிராண்டா என்பது. டொயோட்டா பில்டரை டொயோட்டா தன் கையால் செய்வதில்லை. டென்சோ போன்ற கம்பனிகள் செய்துகொடுக்கின்றன. உங்கள் எஞ்சினுக்கு வரும் டப்பா பில்டரின் நம்பர் 90915 என்று தொடங்கும். உள்ளே கடதாசிச் சுருளை மட்டும் மாற்றும் புது மொடல்களுக்கு 04152. 90915க்குப் பிறகு ஒய்இசட்இசட் என்று வருபவை விற்பனைக்குப் பிந்திய சேவைக்கென்றே செய்யப்படுபவை. அவை தாய்லாந்திலும் செய்யப்படுகின்றன. "ஜப்பான் என்று போட்டிருந்தால்தான் ஒரிஜினல்" என்று சொல்லி நல்ல சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாட்டின் பெயரை வைத்துப் போலி என்று முடிவு செய்யாதீர்கள்.

பெயருள்ள வெளி பிராண்ட்களில் நல்லவை இருக்கின்றன. நீங்கள் சொன்ன மூன்றுமே பல வருடங்களாக இங்கே ஓடுகின்றன. சகுரா இந்தோனேசியாவில் செய்யப்படுவது. சரியான பார்ட் நம்பரில், நம்பிக்கையான கடையில் வாங்கினால் உங்கள் அக்சியோவுக்கு அவை போதும். என் சொந்த வண்டிக்கும் பாதித் தடவை வெளி பிராண்ட்தான் போட்டிருக்கிறேன். ஒரே கம்பனி இரண்டு பெயரில் விற்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று மட்டும் எண்ண வேண்டாம். கடதாசியும் வால்வும் ஓடருக்கு ஏற்ப மாறும்.

நான் பயப்படுவது மூன்றாவது வகைக்கு: டொயோட்டா பெட்டியில் வரும் போலி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில். நடுவில் எல்லோரும் பழைய வண்டியையே இழுத்து ஓட்டினோம். டொலர் ஏறி, பார்ட்ஸ் விலையும் ஏறியது. பாதி விலைக்கு ஒரு சிவப்பு வெள்ளைப் பெட்டி கிடைத்தால் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராது.

அந்தக் காலத்தில் ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த பில்டரையும், எங்கள் கடை ஜெனுயின் ஒன்றையும், ஒரு ஜப்பான் பிராண்டையும் பக்கத்துக் கராஜில் பைப் கட்டரால் வெட்டி, பத்திரிகைத் தாளில் விரித்து வைத்துப் பார்த்தோம். ஜெனுயினில் கடதாசி மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில், விசிறி மாதிரி இருந்தன. ஜப்பான் பிராண்டிலும் அப்படியே. அதன் ரப்பர் இன்னும் மென்மையாக இருந்தது. வாடிக்கையாளர் கொண்டுவந்ததில் மடிப்புகள் பாதியளவுதான், அதுவும் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் அகன்று. கடதாசியின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய், என் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வடிகட்டாத ஒயில் நேராக அந்த வழியால் போயிருக்கும். ரப்பரை மடித்தேன், பிளாஸ்டிக் போல இரண்டாக முறிந்தது. அந்த வாடிக்கையாளர் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொரு பாகம் பைபாஸ் வால்வ். கடதாசி அடைபட்டால், அல்லது ஒயில் தடித்து அழுத்த வித்தியாசம் கூடினால், அது திறந்து ஒயிலை வடிகட்டாமலே விடும். ஒயிலே போகாமல் இருப்பதைவிட அழுக்கு ஒயில் போவது மேல் என்பதற்காக. போலியில் இதன் ஸ்பிரிங் பலமில்லாமல் இருந்தால் எப்போதும் திறந்தபடிதான். பில்டர் இருந்தும் இல்லாத மாதிரி. இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வாங்கும்போது பெட்டியில் உள்ள நம்பரும் டப்பாவில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். வாயைச் சுற்றிய சிறு துளைகளின் வழியே சுத்தமான பல்குத்தியால் ரப்பரை மெல்லத் தொட்டால் அமுங்கி மீள வேண்டும். மரையில் பிசிறு இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, பில் கேளுங்கள். பில் எழுத யோசிக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் வத்தளையில் டொயோட்டா லங்கா இருக்கிறது, அங்கேயே வாங்கிவிடுங்கள்.

தெஹிவளை_வாசி

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், என்னை நடுவீதியில் நிறுத்திய விஷயம் இது. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சிலவேளை எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று. ஐடிலில் கசியாது. எனக்குப் பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒயில் லைட் எரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின்னால் தார் வீதியில் கறுப்புக் கோடு. உடனே நிறுத்தியதால் எஞ்சின் தப்பியது. பில்டர் நல்ல ஜெனுயின்தான், பூட்டிய கைதான் பிழை. அக்கா, நீங்கள் கராஜில் நிற்கும்போது கழற்றிய பில்டரைத் திருப்பி, வளையம் அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். புதிய வளையத்தில் விரலால் ஒயில் தடவி, கையால் திருகி, தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். ஸ்பானர் போட்டு இறுக்க விடாதீர்கள், அடுத்த தடவை கழற்றவே வராது.

பஞ்சிகாவத்தை_கவுண்டர்

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒயிலை வடிக்கக் கழற்றும் சம்ப் நட்டின் வாசரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. பில்டரோடு சேர்த்து இந்த எஞ்சினுக்கு 3.7 லீற்றர் ஒயில் போதும். நாலு லீற்றர் கேன் வாங்கினால் முழுவதையும் ஊற்ற விடாதீர்கள். அப்புறம், உங்கள் ஓட்டத்துக்கு மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். காலி வீதி நெரிசலில் ஏசி போட்டு நிற்கும் நேரத்தை மீற்றர் கணக்கெடுக்காது. 5,000 ஆகாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றுங்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக நிறுத்துகிறீர்கள் என்றால், மாற்றும்போதெல்லாம் டப்பாவின் வெளிப்பக்கத்தில் துரு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளவத்தை_அக்சியோ

அண்ணா, தம்பி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுச் சனிக்கிழமை, எங்கள் பழைய கராஜ் மெக்கானிக் காலை ஏழரைக்கு வீட்டுக்கே வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. பில்டர் கழன்று வந்ததும் அவர் என் கையில் தந்தார். வெறும் டின் மாதிரி லேசாக இருந்தது. கவிழ்த்தால் நாலைந்து தேக்கரண்டி ஒயில்கூட வரவில்லை. வளையம் அதிலேயே இருந்தது, தம்பி, முதலில் அதைத்தான் பார்த்தேன். பல்குத்தியால் ரப்பரைத் தொட்டேன், அசையவே இல்லை, கல்லு மாதிரி.

வத்தளைக்குப் போய் வர நேரம் கிடைக்காததால் தெரிந்த கடையில் பில்லோடு ஒரு ஜப்பான் பிராண்ட் வாங்கிப் பூட்டினோம். ஒயில் 3.7 அளந்துதான் ஊற்றினார். இன்று காலை அப்பாவையும் கீழே கூட்டிக்கொண்டு போய் பொனட் பக்கத்தில் நிற்கவைத்து ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் இல்லை. அப்பா இன்னொரு தடவை ஓஃப் பண்ணிப் போடச் சொன்னார், பிறகு தலையாட்டினார். நடந்தது முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. கொப்பியை எடுத்து வரச் சொல்லி, பிராண்ட் பெயரையும் நம்பரையும் என்னை எழுதச் சொன்னார்.

இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்தி இன்னும் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.