எழுச்சியை உண்டாக்குவது கைப்பேசியா, களத்தில் இருக்கும் அமைப்பா?

அரூர் உழவர்:
நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4 அன்று அரசு 26 சமூக ஊடகங்களுக்குத் தடை விதித்தது. 8 ஆம் தேதி இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அன்று ஒரே நாளில் 19 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். இதைக் காட்டி, இனிக் கட்சியும் சங்கமும் தேவையில்லை, கைப்பேசி ஒன்றே போதும் என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்கள் பலர் எழுதிவருகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை.

சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக 2018 இல் எங்கள் பகுதியில் அளவைக் கல் நட்டபோது, வயலில் விழுந்து அழுத பெண்களின் காணொளிகளைத் தமிழ்நாடே பார்த்தது. ஆனால் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது அந்தக் காணொளிகளைப் பார்த்து அல்ல. பட்டாவையும் சிட்டாவையும் எடுத்துக்கொண்டு வழக்குத் தொடுத்தவர்கள் இருந்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் நிலத்தை எடுக்க முடியாது என்ற வாதம் நின்றது. பிறகு 2020 டிசம்பர் 8 அன்று, அறிவிக்கை வெளியிடும் கட்டத்தில் அந்த அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது, முன்பு பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்? நிலத்தை இழக்க இருந்தவர்கள் வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓசூர் தொழிலாளி:
ஐயா, வழக்குத் தொடுத்தவர்களின் உழைப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் கல் நடப்பட்ட நாட்களில் உங்கள் ஊருக்கு வெளியே இருந்த எங்களுக்குச் செய்தி எப்படி வந்தது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காகவே 2018 ஜூன் மாதத்தில் சிலர் கைது செய்யப்பட்டார்கள். பேசினால் சிறை என்ற நிலையில், ஒரு மூதாட்டி தன் நிலத்தின் வரப்பில் நின்று பேசியதைப் பேரன் படம் பிடித்து அனுப்பியதே எங்களுக்குக் கிடைத்த சாட்சி.

இதற்குத் துனிசியாவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2008 இல் அங்கே கஃப்சா சுரங்கப் பகுதியில் வேலையில்லாதோர் மாதக்கணக்கில் போராடினார்கள். அரசு அப்பகுதியைச் சுற்றிவளைத்து, செய்தி வெளியேறாமல் அடைத்து, போராட்டத்தை ஒடுக்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2010 டிசம்பர் 17 அன்று சிடி பூசித் நகரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது புவாசிசி தீக்குளித்தபோது, உள்ளூர் மக்கள் எடுத்த காணொளிகள் முகநூல் வழியாகப் பரவின. அவற்றை அல் ஜசீரா தொலைக்காட்சி எடுத்து ஒளிபரப்பியது. 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். இரு இடங்களிலும் வறுமை ஒன்றுதான், காவல்துறையின் கொடுமையும் ஒன்றுதான். மாறியது செய்தி செல்லும் வழி.

அரூர் உழவர்:
துனிசியாவில் மாறியது அது மட்டும் இல்லை, தம்பி. அந்நாட்டின் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகள் ஊர் ஊராகப் போராட்டத்தில் இறங்கி, இறுதி நாட்களில் வேலைநிறுத்தம் செய்தன. எகிப்தைப் பாருங்கள்: அதிபர் முபாரக்கை எதிர்த்து மக்கள் திரண்டபோது, 2011 ஜனவரி 27 நள்ளிரவு முதல் அரசு இணையத்தைத் துண்டித்தது; மறுநாள் வெள்ளிக்கிழமை கூட்டம் குறையவில்லை, பெருகியது. கூட்டத்தை உண்டாக்கியது இணையம் என்றால், அது நின்ற நாளில் கூட்டமும் கலைந்திருக்க வேண்டும் அல்லவா?

ஓசூர் தொழிலாளி:
அதே நிகழ்வை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அலெக்சாண்டிரியாவில் 2010 ஜூன் மாதம் காவலர்கள் கலீத் சயீத் என்ற இளைஞரை அடித்துக் கொன்ற பின், அவர் பெயரில் தொடங்கிய முகநூல் பக்கம் மாதக்கணக்கில் மக்களை ஒரு கோபத்தின் கீழ்ச் சேர்த்து, ஜனவரி 25 என்ற நாளையும் குறித்துக் கொடுத்தது. இணையம் துண்டிக்கப்பட்டபோது அது செய்ய வேண்டிய வேலை முடிந்திருந்தது.

அரூர் உழவர்:
நாளைக் குறித்துக் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2012 தேர்தலில் வென்றது பல பத்தாண்டுகளாகக் கிளை கட்டி வளர்ந்த முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு. 2013 ஜூலை மாதத்தில் அதையும் தள்ளிவிட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முபாரக் பதவி விலகிய மறுநாள் பேச்சுவார்த்தைக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க ஓர் அமைப்பு வேண்டும். அதை முகநூல் பக்கத்தைப் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை தந்துவிடாது. என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான், ஏனென்றால் உயிரைக் கொடுத்தவர்கள் அந்த இளைஞர்கள்.

பென்னாகரம் ஆசிரியை:
இருவரும் ஆட்சி கவிழ்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். கவிழாத நாட்களில் நம் ஊர்களில் நடப்பதையும் பேச வேண்டும். 2018 மே மாதம், பக்கத்து மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அப்போது நம் கைகளில் சுற்றிக்கொண்டிருந்தவை பிள்ளை கடத்தும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள். அதே ஆண்டு ஜூலையில்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்க்க வேண்டியதாயிற்று. எழுச்சிக்கு உதவும் அதே வேகம் பொய்க்கும் உதவுகிறது; பொய்யை மறுக்கும் செய்திக்கு மட்டும் அந்த வேகம் கிடைப்பதில்லை.

ஓசூர் தொழிலாளி:
அம்மா, மார்ச் 2023 இன் அச்சத்தை ஓசூரில் வடமாநிலத் தோழர்களோடு வேலை செய்யும் நான் நேரில் அறிவேன். ஆனால் வெறுப்பைக் கைப்பேசியின் மேல் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்கக் கூடாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அன்று நம் கிராமங்களில் வாட்ஸ்அப் குழுக்கள் இல்லை. சாதி இருந்தது, கூட்டம் சேர்ந்தது.

பென்னாகரம் ஆசிரியை:
அதை நான் மறுக்கவில்லை. சாதி வெறுப்பு அன்றும் இருந்தது; இன்று அதற்கு ஊர்ப்பெயரோடும் சாதிப்பெயரோடும் தனித்தனிக் குழுக்கள் கிடைத்திருக்கின்றன, ஒரு குழுவில் பேசுவது மற்றதற்குக் கேட்பதில்லை என்பதுதான் என் கவலை. எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் பேசினால்தான் அது விவாதம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைக்கு அந்த இடம் சட்டப்படி உண்டு. அங்கே நாற்காலிகள் காலியாக இருக்க, அன்று மாலையே குழுவில் நூறு செய்திகள் வருகின்றன.

அரூர் உழவர்:
இதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். நில எடுப்புக்கு எதிராகக் கிராம சபையில் நிறைவேறும் ஒரு தீர்மானம் வழக்கில் ஆவணமாகிறது. பகிரப்பட்ட காணொளிக்கு அந்த நிலை கிடைப்பது அரிது.

ஓசூர் தொழிலாளி:
அப்படியானால் தீர்மானம் வாசிக்கப்படும்போதே அதைப் படம் பிடித்து வெளியிடுங்கள், ஐயா. கூட்டம் நடக்காமலே பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊராட்சிகளில் உண்டு. அதைத் தடுக்க உங்கள் சங்கத்திடம் இதைவிட வலுவான வழி இருந்தால் எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது.