மகளுக்கு எந்தப் படிப்பு: மோர்ஸா, டேட்டா சயின்ஸா, எகனாமிக்ஸ் ஸ்டாடிஸ்டிக்ஸா? இந்த வாரம் கடைசி

பெருந்துறை அம்மா:
வணக்கமுங்க. இங்கிலாந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகளுக்கு மூன்று ஆஃபர் வந்திருக்கிறது: வார்விக் பல்கலையில் மோர்ஸ் என்று நான்கு பாடம் சேர்ந்த ஒரு படிப்பு, அங்கேயே டேட்டா சயின்ஸ், லண்டன் யூசிஎல் பல்கலையில் எகனாமிக்ஸும் ஸ்டாடிஸ்டிக்ஸும் சேர்ந்தது. பல்கலை விண்ணப்பத் தளமான யூக்காஸில் ஒன்றை உறுதி செய்ய இந்த வாரம்தான் கடைசி. எனக்கு மூன்றும் ஒன்று போலத் தெரிகிறது, அவளைக் கேட்டால் அழுகிறாள். வீட்டுக்காரர் ஊரில் இருக்கும் பூமியை விற்றுப் பணம் கட்டலாம் என்கிறார், அதைக் கேட்டதிலிருந்து மாமனார் போனை எடுப்பதே இல்லை. எதைப் படித்தால் வேலை உறுதி என்று மட்டும் சொல்லுங்க, ராத்திரி தூக்கம் வருவதில்லை.

காங்கேயம் தம்பி:
அக்கா, படிப்பு எதுவானாலும் முதலில் தங்க இடம் பாருங்க. லண்டன் என்றால் இப்போதே தேட ஆரம்பிக்கணும். நான் வந்த புதிதில், இந்த நாட்டில் நல்ல சம்பளம் வாங்குகிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் வீடு என்றார்கள், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டு என்றார்கள். எனக்கு யாரைத் தெரியும்? நண்பன் அறையில் தரையில் படுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன், அந்தக் குளிரை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. விடுதிக்கு முதல் நாளே விண்ணப்பம் போட்டுவிடுங்க.

ஊத்துக்குளிக்காரன்:
மூன்றையும் விட்டுவிட்டுச் சுத்தமாக கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்க. எகனாமிக்ஸைச் சேர்த்தால் ரெண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும். நான் படித்து முடித்த வருடம் குளிர்காலம் முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கினேன், கடைசியில் சோறு போட்டது கோடிங்தான்.

சென்னிமலை:
அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோடு எழுத மட்டும் தெரிந்த பசங்களுக்கு முதல் வேலை கிடைப்பது ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, நான் வேலை செய்கிற இடத்திலேயே பார்க்கிறேன்.

அப்புறம், மூன்றும் ஒன்று இல்லைங்க அக்கா. நம்ம ஈரோடு மஞ்சள் மார்க்கெட்டை எடுத்துக்குங்க. பழைய விலை, மழை, வரத்து எல்லாவற்றையும் வைத்து அடுத்த மாதம் குவிண்டால் என்ன போகும் என்று கணிப்பது டேட்டா சயின்ஸ் ஆளின் வேலை. வரத்தும் குறைந்தது, ஏற்றுமதியும் கூடியது, விலை ஏறியதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டுவது எகனாமெட்ரிக்ஸ். எகனாமிக்ஸும் ஸ்டாடிஸ்டிக்ஸும் சேர்ந்த படிப்பின் உயிரே அதுதான். எந்தக் கிடங்கிலிருந்து எப்போது எவ்வளவு மூட்டையை எடுத்து விற்றால் லாபம் என்று கணக்குப் போடுவது ஆபரேஷனல் ரிசர்ச். மோர்ஸ் என்பது கணிதம், ஆபரேஷனல் ரிசர்ச், ஸ்டாடிஸ்டிக்ஸ், எகனாமிக்ஸ் நான்கும் சேர்ந்தது. வார்விக் டேட்டா சயின்ஸை ஸ்டாடிஸ்டிக்ஸ் துறையும் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையும் சேர்ந்து நடத்துகின்றன, அதில் எகனாமிக்ஸ் பிரதானம் இல்லை.

காங்கேயம் தம்பி:
இதையெல்லாம் எனக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்? கோவையில் ஒரு ஏஜென்ட் லண்டனுக்குப் பக்கத்தில் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார், வந்து பார்த்தால் ரயிலில் ரெண்டு மணி நேரம். கமிஷன் கொடுக்கிற கல்லூரியைத் தவிர வேறு பேரே அவர் வாயில் வரவில்லை.

ஊத்துக்குளிக்காரன்:
அதை ஏன் கேட்கறீங்க தம்பி. வாடகை, கவுன்சில் டாக்ஸ், விடாத மழை. வேலை விட்டு வந்தால் ஒரு வாய் அரிசிம்பருப்புச் சாதம் போட ஆள் இல்லை. புள்ளியியல்தான் வேணும் என்றால் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1931இலிருந்து இருக்கிறது, அதற்குப் பரீட்சை எழுதியிருந்தால் பூமியை விற்கிற பேச்சே வந்திருக்காது.

பவானிக்காரி:
வாடகைக் கதையை அப்புறம் பேசலாம் சாமி, அந்த அம்மாவுக்கு இந்த வாரம் கெடு இருக்கிறது. அம்மா, மூன்று விஷயம் நீங்கள் சொல்லவே இல்லை. மகள் என்ன விசாவில் இருக்கிறாள்? நீங்கள் குடியிருப்பது எந்த ஊர்? அவளுக்குக் கணக்கு பிடிக்குமா, கம்ப்யூட்டர் பிடிக்குமா?

பெருந்துறை அம்மா:
நான் நர்ஸுங்க, ஹெல்த் அண்ட் கேர் என்கிற வேலை விசா. அவள் என் விசாவைச் சார்ந்து இருக்கிற டிபெண்டென்ட். இருப்பது கோவென்ட்ரி. அம்மிணி பிளஸ் டூ நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருந்து படித்தாள், கணக்கு என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவாள், கம்ப்யூட்டரில் சுமார்தான். வார்விக் ஊர் இங்கிருந்து தினமும் போய் வருகிற தூரமா?

பவானிக்காரி:
நல்லவேளை கேட்டீங்க. வார்விக் பல்கலைக்கழகம் வார்விக் ஊரில் இல்லை, கோவென்ட்ரி ஓரத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகலாம், விடுதிச் செலவு மிச்சம்.

அடுத்தது பணம். உள்ளூர்க் கட்டணம் 2025-26க்கு 9,535 பவுண்டு. நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்து, மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருந்தால்தான் பொதுவாக அது கிடைக்கும். வேலை விசாவில் வந்தவரின் பிள்ளை என்றால் வெளிநாட்டுக் கட்டணம்தான், இந்தப் படிப்புகளுக்கு அது மூன்று மடங்குக்கும் மேல் போகும். பூமியில் கை வைக்கும் முன் உங்கள் மகளுக்கு எந்தக் கட்டணம் என்று பல்கலைக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்குங்க, உதவித்தொகை உண்டா என்பதையும் அதிலேயே கேளுங்க. கட்டண விதிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவுகிற யூகேசிஸா அமைப்பின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன, ஏஜென்ட் தேவையில்லை.

விசாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிபெண்டென்டாகவே படிக்கலாம், வேலைக்கும் தடை இல்லை, ஆனால் முடித்த பிறகு இங்கே தங்கி வேலை பார்க்க விடுகிற கிராஜுவேட் விசா கிடைக்காது, அது மாணவர் விசாவில் படித்தவர்களுக்கு மட்டும். மாணவர் விசாவுக்கு மாறினால் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை, உங்களோடு சேர்ந்து நிரந்தரமாகிற வழியும் அவளுக்கு அறுந்துபோகலாம். கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். இதைப் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்க.

படிப்பைப் பொறுத்தவரை, கணக்கில் அவ்வளவு ஆசை இருக்கிற பிள்ளைக்கு மோர்ஸ்தான் என் தேர்வு. நாமக்கல்லில் கணக்கை வேகமாகப் போட்டுப் பழகியிருப்பாள், இங்கே முதல் வருடமே தேற்றத்தை நிரூபிக்கச் சொல்வார்கள், அதற்கு மனதைத் தயார் பண்ணச் சொல்லுங்க. கோடிங்கை விருப்பப் பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம், அல்காரிதம் கட்டாயமாக வேணும் என்று அவளே கேட்டால் மட்டும் டேட்டா சயின்ஸ். இன்றைக்கே ரெண்டு படிப்பின் கட்டாயப் பாடப் பட்டியலையும் அவளை வைத்துக்கொண்டு படிங்க. கட்டணப் பதில் வந்ததும் இங்கே போடுங்க, யூக்காஸில் உறுதி செய்கிற பட்டனை அதுவரை தொட வேண்டாம்.