புதுப்பிப்பு: அக்காவின் குடல்வால் அறிக்கை

குடல்வால் அழற்சி என்று அக்காவுக்கு அவசரமாக அறுவை சிகிச்சை செய்ததையும், திசு அறிக்கையில் 'சளி சுரக்கும் கட்டி' என்று வந்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன்.

வீரியம் குறைந்த வகைதானாம். ஆனால் குடல்வால் முன்பே கிழிந்து, சளி வயிற்றறைக்குள் கசிந்திருக்கிறது. ஸ்கேன் படத்தில் கல்லீரலின் ஓரம் கடித்த பிஸ்கட் போல் குழிந்திருந்ததை மருத்துவர் பேனா முனையால் காட்டினார். சளி அழுத்திய தடம்.

வலப்பக்கப் பெருங்குடலையும் எடுக்க வேண்டும் என்றார் முதலில் பார்த்தவர். இன்னொருவரிடமும் கேட்கச் சொன்னீர்களே, நல்லதாகப் போயிற்று. இந்த வகை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது, அதனால் அது தேவைப்படாமல் போகலாம் என்கிறார் இரண்டாவது மருத்துவர். படிந்திருப்பதை உரித்தெடுத்துவிட்டு, சுமார் 42 டிகிரிக்குச் சூடாக்கிய மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை வயிற்றுக்குள் சுழலவிடுவார்கள். பத்து மணி நேரம்கூட ஆகலாம்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் அனுமதி. அக்காவைவிட நான்தான் அதிகம் நடுங்குகிறேன்.